பாய்க்கடைக்கு ஓர் இணையக் கடை: வூகாமர்ஸ் பற்றி ஒன்றரை ஆண்டு அனுபவம்

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் தேரோடும் ரத வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் பாய்க்கடை இருக்கிறது. பத்தமடைக் கைத்தறிப் பாயும், முசிறிப் பக்கத்திலிருந்து வரும் விசைத்தறிக் கோரைப்பாயும், தடுக்கு, பந்திப்பாய், கல்யாணப்பாய் எல்லாமும் சேர்த்து நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட சரக்கு வகைகள் உண்டு. இந்தக் கடைக்காக இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் மேல், கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்னும் மென்பொருளைப் பொருத்தி இணையக் கடை ஒன்றை அமைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. முதல் ஆறு மாதம் பட்ட பாட்டையும் பிறகு கண்ட பலனையும் வைத்து, சிறு கடைக்காரர் ஒருவருக்கு அது ஏற்றதா என்பதைச் சொல்ல முயல்கிறேன். மென்பொருள் நல்லது, தாராளமாக நம்பலாம் என்பதே என் கருத்து. ஆனால், கல்லாவில் உட்கார்ந்து இத்தனை காலம் வாயால் சொல்லிச் சமாளித்ததையெல்லாம் உட்கார்ந்து எழுதிவைக்கப் பொறுமை இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டிலும், அதன் மேல் இயங்கும் வூகாமர்ஸ் 2011ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 2015இல் வூகாமர்ஸை ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கியது. இரண்டுமே யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய திறமூல மென்பொருள்கள் என்பதால் உரிமக் கட்டணம் எதுவும் கிடையாது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ நமக்கு அல்வா கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயமும் இருக்கிறது. மென்பொருளுக்குப் பணம் இல்லை என்றாலும், தளத்தின் பெயருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை, அதை வைத்திருக்கும் வழங்கிக்கு (சர்வருக்கு) வாடகை, அமைத்துத் தருபவருக்குக் கூலி, பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்குக் கழிவு (கமிஷன்) என்று நான்கு வாசல் வழியாகச் செலவு வந்துவிடும். எங்களுக்குப் பெயர், வழங்கி இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஐயாயிரத்துக்குள் முடிகிறது. அமைக்கும் கூலிதான் பெரிது. அதை நாங்கள் இரண்டு முறை கொடுத்தோம்.

இரண்டு முறை கொடுத்த கதையைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவுபெறாது. முதலில் வேலையை ஒப்படைத்த இடத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் பேசி, முன்பணமாகப் பாதியைக் கொடுத்தோம். பத்து நாளில் தளம் வந்தது. பார்க்கவும் அழகாகவே இருந்தது. மறு ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில், கடையின் பெயரில் வாங்கிய தள முகவரி எங்கள் பெயரில் பதிவாகவில்லை, அமைத்துக் கொடுத்தவரின் கணக்கில் அவருடைய பெயரிலேயே பதிவாகியிருக்கிறது என்பது தெரியவந்தது. முகவரியை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டுமானால் அதற்குரிய மாற்றுக் குறியீட்டைப் பதிவுக் கணக்கு வைத்திருப்பவர்தான் எடுத்துத் தர முடியும்; தொலைபேசியை எடுக்காத மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? கடைசியில் அந்த முகவரியைக் கைவிட்டு, அச்சடித்து வைத்திருந்த இரண்டாயிரம் பைகளையும் கைவிட்டு, புதிய பெயர் வாங்கினோம். கடையின் வாடகை ஒப்பந்தத்தை எலக்ட்ரீசியன் பெயரில் எழுத நாம் ஒப்புக்கொள்வோமா? ஆனால் இணையக் கடையில் அதைத்தான் செய்திருந்தோம். பெயரைப் பதிவு செய்யும் கணக்கு, வழங்கியின் கணக்கு, பணம் வாங்கும் கணக்கு ஆகிய மூன்றும் கடைக்காரரின் சொந்த மின்னஞ்சலிலும் செல்பேசி எண்ணிலும் இருக்க வேண்டும். அமைப்பவருக்கு உள்ளே வந்து வேலை செய்வதற்கான அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், வேலை முடிந்ததும் அதையும் நீக்கிவிடலாம். தமிழிலேயே ‘.இந்தியா’ என்று முடியும் முகவரியும் வாங்க முடியும் என்றாலும், எங்கள் வாடிக்கையாளர்கள் முகவரியை ஆங்கில எழுத்தில் தட்டியே பழகியவர்கள் என்பதால் ‘.இன்’ முகவரியோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாம் முறை அமைக்கும்போது கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். கடைக்கு வருபவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை இரண்டு வாரம் அதில் எழுதினோம். இது என் தந்தையின் யோசனை. அவருக்குத் தளம், மென்பொருள் எதுவும் தெரியாது, ஆனால் அந்த ஒரு யோசனை பதினெட்டாயிரம் ரூபாயைவிட அதிகம் பெறும். நோட்டைப் படித்தபோதுதான், பாயின் அளவை யாருமே அடிக்கணக்கில் கேட்பதில்லை என்பது விளங்கியது. “அண்ணாச்சி, இத விரிச்சா எத்தன பேரு படுக்கலாம்?” என்பதுதான் கேள்வி. கைக்குழந்தைக்கு ஆகுமா, மடித்துப் பெட்டியில் வைக்கலாமா, தண்ணீர் பட்டால் சாயம் போகுமா, பூசணம் பிடித்தால் என்ன செய்வது, வெயிலில் காயப் போடலாமா என்று அடுத்தடுத்த கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பழைய தளத்தில் ஒவ்வொரு பாயின் கீழும் ‘உயர்தரமான, பாரம்பரியமிக்க, இயற்கையான பாய்’ என்று ஒரே வரி எல்லாவற்றுக்கும் ஒட்டப்பட்டிருந்தது. புதிய தளத்தில் ‘ஆறடிக்கு நான்கடி; பெரியவர்கள் இருவர் தாராளமாகப் படுக்கலாம்; நனைந்தால் நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்டி வைக்கவும்’ என்று எழுதினோம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் பாதிக்குப் பாதியாகக் குறைந்தன.

இந்த இடத்தில்தான் வூகாமர்ஸின் பலம் தெரிகிறது. ஒரே பாய் மூன்று அளவிலும் இரண்டு நெருக்கத்திலும் இருந்தால், அதை ஆறு தனிச் சரக்குகளாகப் போட வேண்டியதில்லை. மாறுபடும் சரக்கு என்று ஒரே பக்கத்தில் போட்டு, அளவையும், நெசவின் நெருக்கத்தைக் காட்டும் கவுண்டையும் வாங்குபவரே தெரிவுசெய்யும்படி வைத்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி விலையும் தனி இருப்பும் தனிப் படமும் கொடுக்க முடிகிறது. பத்தமடையில் ஐம்பது கவுண்டு பாய்க்கும் நூறைத் தாண்டிய பட்டுப்பாய்க்கும் உள்ள வேறுபாடு, கையால் தடவிப் பார்ப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். படத்தில் இரண்டும் பாயாகத்தான் தெரியும். நெசவின் மேல் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, காலை வெளிச்சத்தில் வாசல் திண்ணையில் படம் எடுத்துப் போட்டோம். நாணயத்தின் ஓரத்தில் கோரை எத்தனை இழை ஓடுகிறது என்பதைப் பெரிதாக்கிப் பார்ப்பவர், ஒன்று ஏன் சில நூறு ரூபாயாகவும் மற்றொன்று ஏன் பல ஆயிரமாகவும் இருக்கிறது என்று பிறகு கேட்பதில்லை. செல்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவர் பக்கம் திறப்பதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுவார். நூற்றைம்பது கேபிக்குள் சுருக்கி ஏற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இன்னொரு சிறு குறிப்பு உண்டு: பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே அமைந்துவிட்டால், அதை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்ட வால் ஒன்று வந்து நிற்கும். தலைப்பைத் தமிழில் வைத்து, முகவரியை மட்டும் சிறிய ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்வது நல்லது.

கல்யாணப்பாய் விஷயத்தில் மென்பொருள் எங்களைக் கைவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை நாங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும். மணமக்களின் பெயரை நெய்து கேட்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் வழக்கம். வூகாமர்ஸின் அடிப்படைப் பொதியில், வாங்குபவர் தமக்கு வேண்டிய எழுத்தைத் தட்டுவதற்குரிய பெட்டி சரக்குப் பக்கத்தில் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு செருகுநிரலை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை, சேர்க்க வேண்டும். சேர்த்தோம். வெளியூரிலிருந்து வந்த முதல் ஆர்டரில், பெயரை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். நாங்கள் அதைத் தமிழில் எழுதிப் பத்தமடைக்கு அனுப்பினோம். வள்ளி என்று இருக்க வேண்டியது வல்லி என்று நெய்யப்பட்டு வந்தது. பிழை முழுவதும் எங்களுடையது. நெசவாளர் எழுதிக் கொடுத்ததை அப்படியே நெய்தார். நெய்த பாயில் ஒரு லகரத்தை மட்டும் பிரித்து மாற்ற முடியாது. முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. மறுபடி நெய்து, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பிழையான பாய் இன்னும் கடையின் பரணில் கிடக்கிறது. இப்போது பெயர்ப் பாய்க்குப் பணம் வந்தவுடன் ஆர்டரை ‘நிறுத்திவைப்பு’ நிலைக்கு மாற்றிவிட்டு, பெயர்களைக் கொட்டை எழுத்தில் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறோம். அவர்கள் சரி என்று பதில் எழுதிய பிறகே அது ‘செயலாக்கம்’ நிலைக்குப் போகிறது. ஆர்டர்களுக்கு இப்படிப் பல நிலைகள் ஆயத்தமாக இருப்பது வூகாமர்ஸில் நான் மிகவும் விரும்பும் வசதி. கடையில் யார் இருந்தாலும், எந்தப் பாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரே பட்டியலில் பார்த்துவிட முடிகிறது.

அனுப்பும் செலவைக் கணக்கிடுவதுதான் பாய் வியாபாரத்தில் ஆளை முழுங்கும் இடம். தராசில் இரண்டு கிலோவைத் தொடாத ஒரு கோரைப்பாயைச் சுருட்டினால் நான்கடி நீளத்துக்கு, அதாவது 122 செ.மீ. நீளத்துக்கு நிற்கும், சுருளின் குறுக்களவு 15 செ.மீ. என்று கொள்வோம். கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கன எடையையும், தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குத்தான் பணம் வாங்குகிறார்கள். 122, 15, 15 மூன்றையும் பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ வருகிறது. முதல் மாதம் தராசு எடையை வைத்து அனுப்பும் கட்டணம் போட்டு, ஒவ்வொரு பாயிலும் கையிலிருந்து பணம் கொடுத்தோம். பட்டுப்பாயை மடித்துச் சிறு பெட்டியில் வைத்துவிடலாம் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. வூகாமர்ஸில் அனுப்பும் வகுப்பு என்று ஒன்று உண்டு. ‘சுருள்’, ‘பெட்டி’ என்று இரண்டு வகுப்புகளை உண்டாக்கி, ஒவ்வொரு சரக்கையும் அதற்குரிய வகுப்பில் சேர்த்துவிட்டால், கட்டணத்தை அது தானே பிரித்துப் போட்டுக்கொள்ளும்.

ஊர் வாரியாகக் கட்டணம் வைப்பதற்கு அனுப்பும் மண்டலங்கள் இருக்கின்றன. பின்கோடு 627 என்று தொடங்கும் ஊர்களை ஒரு மண்டலமாகவும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களை ஒரு மண்டலமாகவும், பிற மாநிலங்களை மூன்றாவதாகவும் வைத்தோம். பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எந்த மண்டலம் பொருந்துகிறதோ அதையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும் என்பதை அறியாமல், இந்தியா முழுவதும் என்ற மண்டலத்தைத் தலையில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் எல்லோருக்கும் தொலைதூரக் கட்டணமே காட்டியிருக்கிறது. தென்காசியிலிருந்து ஒருவர் அழைத்து, “முந்நூத்தம்பது ரூவாயா அண்ணாச்சி? அதுக்கு நான் பஸ் ஏறி வந்து வாங்கிட்டு, ஒரு அல்வாவும் தின்னுட்டுப் போயிருவேனே” என்று சொன்ன பிறகே தெரிந்தது. குறுகிய மண்டலம் மேலேயும் விரிந்த மண்டலம் கீழேயும் இருக்க வேண்டும்.

பணம் வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. வங்கிப் பரிமாற்றமும், பொருளைக் கையில் கொடுத்துப் பணம் வாங்கும் முறையும் வூகாமர்ஸிலேயே உண்டு. யுபிஐக்கும் அட்டைக்கும் பணப் பரிவர்த்தனை நிறுவனம் ஒன்றில் கணக்கு திறந்து அதன் செருகுநிரலைச் சேர்க்க வேண்டும். நாங்கள் கொடுக்கும் கழிவு 2 சதவீதமும் அந்தக் கழிவின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஆகும். 1,500 ரூபாய்ப் பாய்க்கு 35 ரூபாய் 40 காசு போகிறது. விலை வைக்கும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். கையில் பணம் வாங்கும் முறையைச் சரக்கு வாரியாக நிறுத்தும் வசதி அடிப்படைப் பொதியில் இல்லை. அனுப்பும் முறை வாரியாகத்தான் நிறுத்த முடியும். ஆகவே அதை எங்கள் 627 மண்டலத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம். பெயர் நெய்த பாயை வாசலில் நின்று வேண்டாம் என்று திருப்பிவிட்டால் அதை வேறு யாருக்கு விற்பது?

பணப் பரிவர்த்தனை நிறுவனம் கணக்கைத் திறப்பதற்கு முன்பே, தளத்தில் தொடர்பு முகவரி, திருப்பித் தரும் விதி, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. பெரும்பாலான சிறு கடைகள் வேறொரு தளத்திலிருந்து அவற்றை எடுத்து ஒட்டிவிடுகின்றன. எங்கள் பழைய தளத்தின் விதியில் ‘காலணியின் அளவு பொருந்தாவிட்டால்’ என்று ஒரு வரி இருந்ததை நான் ஓராண்டு கவனிக்கவே இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைகளைக் கேட்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததென்று தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் கடையில் அந்த அலுவலர் நானேதான். கருப்பட்டியோ கல்லிடைக்குறிச்சி அப்பளமோ விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் தளத்தில் போட வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்பதானால், சில கைவினைப் பொருட்களுக்குள்ள விலக்கு நீங்கலாக, விற்றுமுதல் குறைவு என்பதைக் காரணம் காட்டி ஜிஎஸ்டி பதிவைத் தள்ளிப்போட முடியாது. நம்முடைய சரக்கு அந்த விலக்கில் வருகிறதா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே வெளி மாநில மண்டலத்தைத் திறக்க வேண்டும்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதால், பழைய தளத்தை அமைத்தவர் அந்த முத்திரையை எடுத்து விசைத்தறிப் பாய் உட்பட எல்லாப் பாய்களின் படத்திலும் ஒட்டிவிட்டார். அது குற்றம். அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை, அதற்கென்று பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளர்களுக்கே உண்டு. இப்போது ஒவ்வொரு பாயும் எந்த ஊரில், கைத்தறியிலா விசைத்தறியிலா நெய்யப்பட்டது என்பதைப் பெயருக்குக் கீழேயே எழுதுகிறோம். முசிறிப் பாயை முசிறிப் பாய் என்று சொன்னதால் அதன் விற்பனை குறையவில்லை. விலை குறைந்த பாய் வேண்டுமென்று தேடுபவர் நேரே அதற்குப் போய்விடுகிறார்.

இருப்புக் கணக்கில் இன்னும் நாங்கள் முழுவதும் தேறவில்லை. நூறு கவுண்டுக்கு மேற்பட்ட பாய்கள் பெரும்பாலும் ஒற்றைப் பாய்கள். ஆனித் தேரோட்டத்தன்று கூட்டத்தில் ஒன்றைக் கடையில் விற்றுக்கொண்டிருந்த அதே பத்து நிமிடத்தில், பெங்களூரிலிருந்து ஒருவர் தளத்தில் அதற்குப் பணம் கட்டிவிட்டார். பணத்தைத் திருப்பித் தந்து மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஒற்றைப் பாய்கள் ஒவ்வொன்றிலும் சிவப்புச் சீட்டு ஒன்று கட்டியிருக்கிறது. சீட்டைக் கிழித்துக் கல்லாவில் போடும்போதே வூகாமர்ஸின் செல்பேசிச் செயலியில் இருப்பைக் குறைக்க வேண்டும் என்பது கடை விதி. பணம் கட்டாமல் பாதியில் விட்ட ஆர்டருக்காக இருப்பைப் பிடித்துவைக்கும் நேரம் இயல்பாக அறுபது நிமிடமாக இருக்கும். வீட்டில் கேட்டுவிட்டு வந்து கட்டுபவர்கள் அதிகம் என்பதால் அதை இரண்டு மணி நேரமாக்கியிருக்கிறோம்.

பத்துப் பதினைந்து சரக்கு மட்டும் உள்ளவர்கள், விலை பேசி விற்கும் பழக்கம் உள்ளவர்கள், இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் கட்டணமில்லாமல் கிடைக்கும் சரக்குப் பட்டியலே போதும். மாத வாடகைக்குக் கிடைக்கும் ஷாப்பிஃபை போன்ற சேவைகளில் வழங்கி, பாதுகாப்பு, புதுப்பிப்பு முதலியவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கையில் ஆளும் நேரமும் இல்லாதவருக்கு அந்த வாடகை நியாயமானதே. ஆனால் வியாபாரம் மந்தமான மார்கழியிலும் வாடகை நிற்காது. வூகாமர்ஸில் புதுப்பிப்புகளையும் காப்புப் படியையும் (பேக்கப்) நாமே பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு கடை அடைத்த பிறகு காப்புப் படி எடுத்துவிட்டுப் புதுப்பிப்பது எங்கள் வழக்கம். ஆனித் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரண்டு வாரம் எதையும் தொடுவதில்லை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். பெயர் எழுதும் பெட்டி போன்ற சிறு தேவைக்கும் செருகுநிரல் தேட வேண்டியிருப்பதற்காக அரையும், அந்தச் செருகுநிரல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதற்காக அரையும் குறைத்திருக்கிறேன். நோட்டில் எழுதிவைத்த கேள்விகளில் இன்னும் ஒன்பதுக்குத் தளத்தில் விடை ஏற்றவில்லை. சாயம் போகுமா என்பது அவற்றில் ஒன்று. பத்தமடைக்குப் போய்ச் சாயம் ஏற்றுபவரிடமே கேட்டு எழுதலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.